மறதிக்கார ஸ்டீரியோ

பெங்களூரில் நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பைத் தினமும் கடப்பவருக்குக் கார் ஸ்டீரியோ ஆடம்பரம் அல்ல. பழைய காரில் மாட்டிய புதுச் செட் நன்றாகத்தான் பாடியது. ஆனால் சாவியை எடுத்ததும் கடிகாரம், சேமித்து வைத்த எஃப்.எம். நிலையம் 101.3 எல்லாம் அழிந்துவிடும். ஜே.சி. ரோட்டில் ஒரு கடைக்காரர் பார்க்காமலேயே, "செட் போய்விட்டது சார், மாற்றிவிடுங்கள்" என்றார். பாடுகிற செட் எப்படிப் போகும்?

செட்டின் பின்னால் இரண்டு மின்வழிகள் உண்டு. மஞ்சள் வயரில் எப்போதும் 12 வோல்ட் இருக்க வேண்டும். நினைவைக் காப்பது அதுதான். சிவப்பில் சாவி திருப்பினால் மட்டும் வர வேண்டும். சாவியை எடுத்துவிட்டு, வோல்ட்டை அளக்கும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். மஞ்சளில் பூஜ்யம், சிவப்பில் 12! சில கார்களில் இவ்விரு வழிகளும் இடம் மாறியே வருகின்றன. இரண்டையும் பேட்டரியின் நேர் வழியில் சேர்த்துவிடச் சொன்னார் ஒரு நண்பர். அப்படிச் செய்தால் நிறுத்திய காரிலும் செட் மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். ஊருக்குப் போய்த் திரும்பினால் வண்டி கிளம்பாது.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, வயர்களின் நடுவில் இருந்த இணைப்புகளைப் பிரித்து, சிவப்பையும் மஞ்சளையும் மாற்றிச் செருகினேன். மஞ்சள் வழியில் ஃபியூஸ் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொண்டேன். செலவு ஒன்றுமில்லை. இப்போது வண்டியைக் கிளப்பியதும் 101.3 தானாகவே வந்துவிடுகிறது.