அசனப் பந்தியில் அன்பைப் பழகுவது எப்படி?

நெல்லைச் சீமையின் சபைகளில் ஆண்டுக்கொரு முறை, பெரும்பாலும் பிரதிஷ்டைப் பண்டிகையையோ ஸ்தோத்திரப் பண்டிகையையோ ஒட்டி, ஊரே கூடிச் சாப்பிடும் அசனம் நடக்கிறது. கிறிஸ்தவ அன்பைப் பற்றிய பிரசங்கங்களுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. அதைக் கையால் செய்து பழக விரும்புகிறவருக்கு நான் காட்டக்கூடிய இடம் இந்த அசனம்தான். யார் வேலை செய்கிறார்கள், யார் யாரோடு பேசுவதில்லை, யார் எங்கே உட்காருகிறார்கள் என்ற மூன்று உண்மைகளும் அன்று ஒரே கொட்டகையின் கீழ் வெளிப்பட்டுவிடுகின்றன. கீழே எழுதியிருப்பது அசனத்தை மனத்தில் வைத்து எழுதியது என்றாலும், அசனம் இல்லாத சபைகள் தங்கள் ஐக்கிய விருந்துக்கு இதை மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் ஊழியம். அசனத்துக்கு ஆடு கொடுத்தவரின் பெயர் ஒலிபெருக்கியில் வரும். அரிசி மூட்டை கொடுத்தவரின் பெயரும் வரும். ஆனால் உலைக்கு அரிசி களையும்போதெல்லாம் ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவைத்து, அது நிறைந்ததும் ஆலயத்தில் கொண்டுவந்து கொட்டுகிற பெண்ணின் பெயர் எதிலும் வராது. இந்தப் பிடி அரிசியை உங்கள் ஊழியத்துக்கு இலக்கணமாக வைத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பில் இடம்பெறாத வேலை எது என்று தேடி, அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வலதுகை செய்கிறதை இடதுகை அறியாதிருக்கக்கடவது என்ற வசனத்தை மனப்பாடமாகச் சொல்லும் நாமே, பொட்டலம் கொடுக்கும் கையையும் வாங்கும் முகத்தையும் படம் எடுத்துக் குழுவில் போடுகிறோம். வாங்குகிறவர் முகம் தெரியும் படம் எதையும் எடுப்பதில்லை என்று கமிட்டியில் ஒரு தீர்மானம் எழுதிவைத்துவிட்டால், பிறகு யாரும் யாரையும் கடிந்துகொள்ள வேண்டியிருக்காது.

வேலைகளில் எனக்குத் தெரிந்து கடைசியானது அண்டா கழுவுவது. ஆட்டுக்கறிக் குழம்பு கொதித்த அண்டாவை ஆறவிட்டால் கொழுப்பு வெள்ளையாக உறைந்து பக்கவாட்டில் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் சாம்பலும் தேங்காய் நாரும் கொண்டு எவ்வளவு தேய்த்தாலும் கை வழுக்குமே தவிர அண்டா சுத்தமாகாது. ஆகவே, கடைசி வாளி குழம்பை எடுத்த கையோடு அதில் கொதிநீரை ஊற்றிவைக்க வேண்டும், அதற்கென்று ஒரு பானை வெந்நீரை அடுப்பை விட்டு இறக்காமல் காத்துவைக்க வேண்டும். இது சமையல்காரர் பார்த்துக்கொள்வார் என்று விட்டால் நடக்காது. ஆண்டவர் சீஷர்களின் கால்களைக் கழுவியதை நினைத்துப் பெரிய வியாழன் ஆராதனையில் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவும் சபைகள் உண்டு. அந்தப் பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வந்து உட்காருகிறார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும். அன்றைய பாலஸ்தீனத்தில் அது புழுதி படிந்த, வீட்டு வேலைக்காரரின் பங்குக்கு விடப்பட்ட வேலை. நம் ஊரில் அதற்கு ஈடாக இருப்பது இந்தக் கொழுப்பு உறைந்த அண்டாதான்.

அசனச் சோற்றை நடக்க முடியாதவர்களின் வீட்டுக்குத் தூக்குவாளியில் கொண்டுபோகும்போது இன்னொரு பாடம் கிடைக்கும்: நம்மிடம் இருப்பதைக் கொடுப்பது வேறு, அவருக்கு வேண்டியதைக் கொடுப்பது வேறு. சர்க்கரை நோயும் பல்லில்லாத வாயுமாக இருக்கும் பெரியவருக்கு எலும்புக் கறி எதற்கு? முந்தின நாளே ஒருவர் போய், என்ன சாப்பிடுவார், வீட்டில் உடனிருப்பவர் யார், வேறு ஏதாவது தேவையா என்று கேட்டு வந்தால் போதும். பல வீடுகளில் சோற்றைவிட, உடனிருந்து பார்த்துக்கொள்ளும் மகளுக்கு இரண்டு மணி நேரம் ஓய்வுதான் வேண்டியிருக்கும். அரசு மருத்துவமனைக்குப் போகிறவர்களும் இதையே செய்யலாம். நோயாளியின் தலைமாட்டில் நின்று நீண்ட ஜெபம் செய்துவிட்டு வருவதைவிட, துணைக்கு இருப்பவரைச் சாப்பிட அனுப்பிவிட்டு அந்த நேரம் நாம் உட்கார்ந்திருப்பது பெரிய உதவி. ஜெபிக்கலாமா என்று கேட்டு, சரி என்றால் மட்டும் மெல்லிய குரலில் ஜெபியுங்கள். பக்கத்துக் கட்டிலில் இருப்பவரும் நோயாளிதான்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை நிறுவிய ஐடா ஸ்கடரின் வாழ்க்கையில் திருப்பமாக அமைந்த இரவை நம்மில் பலர் ஞாயிறுபள்ளியிலேயே கேட்டிருக்கிறோம். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வெவ்வேறு குடும்பத்து ஆண்கள், பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவியருக்கு உதவ வரும்படி அந்த இளம்பெண்ணைக் கேட்டார்கள். அவர் மருத்துவர் அல்லர். மருத்துவரான அவருடைய தந்தையையோ, ஆண் என்பதால், அவர்கள் ஏற்கவில்லை. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். உங்கள் வழக்கம் தவறு என்று அந்த வீட்டாரிடம் வாதாடுவதை அவர் தம் வேலையாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் ஏற்கக்கூடிய ஒரு பெண் மருத்துவராகத் தாமே ஆவதற்குப் படித்து, 1900-இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கினார். 1909-இல் செவிலியர் பயிற்சியும், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் அங்கே உருவாயின. ஒருவருடைய தேவையின் அளவுக்கு நம்மை வெட்டித் தைத்துக்கொள்வதும், பிறகு அந்த வேலையை அந்த ஊராருக்கே கற்றுக்கொடுப்பதும் ஊழியத்தின் இரண்டு பாதிகள். நம் சபைகளில் முதல் பாதியே இன்னும் முடியவில்லை என்பது என் எண்ணம்.

அடுத்தது மன்னிப்பு, அசனத்துக்கு ஒரு மாதம் முன்பே இதைத் தொடங்க வேண்டும். வரப்புத் தகராறு, சீர் வரிசைப் பேச்சு, சபைத் தேர்தல் ஆகிய மூன்றும்தான் எங்கள் பக்கத்துப் பகைகளில் பெரும்பகுதிக்கு வேர். (தேர்தல் பகை மட்டும் மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுத் தளிர் விடும்.) யாரோடு பேச்சில்லை என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிடுங்கள். நீங்கள் புண்பட்டவரா, புண்படுத்தியவரா என்பதைப் பொறுத்து வேதம் இரண்டு வழிகளைச் சொல்கிறது. சகோதரன் உங்களுக்குக் குற்றம் செய்திருந்தால், மத்தேயு 18-ஆம் அதிகாரத்தின்படி, முதலில் அவரிடம் தனியாகப் போக வேண்டும். அது பலிக்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். சபைக்குச் சொல்வது கடைசிப் படி. நாமோ தலைகீழாக, முதலில் தெருவுக்குச் சொல்லி, பிறகு ஐயரிடம் (சபைப் போதகரிடம்) சொல்லி, சம்பந்தப்பட்டவரிடம் மட்டும் சொல்லாமல் விடுகிறோம். உங்கள்மேல் அவருக்குக் குறை இருந்தாலோ, மத்தேயு 5-ஆம் அதிகாரத்தின்படி, காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு நீங்கள்தான் புறப்பட வேண்டும். இரண்டு வழிகளிலும் நடந்து போக வேண்டியவர் நீங்கள் என்பதைக் கவனியுங்கள்.

போனால் என்ன பேசுவது? என் மைத்துனரிடம் நான் ஒருமுறை மன்னிப்புக் கேட்ட லட்சணத்தைச் சொல்கிறேன். ஒரு கலியாண வீட்டில் நாலு பேர் முன்னால் அவரை எடுத்தெறிந்து பேசியிருந்தேன். இரண்டு வருடம் கழித்து அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து, "மாப்ள, நான் அன்னைக்குப் பேசுனது தப்புத்தான், ஆனா நீங்களும்…" என்று தொடங்கினேன். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். அக்காள் மட்டும் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, "அந்த 'ஆனா'வ வீட்டுல வச்சிட்டு நாளைக்கு வா" என்றாள். மறுநாள் போய், நான் சொன்ன வார்த்தையை அப்படியே திருப்பிச் சொல்லி, அது தவறு என்று மட்டும் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மூன்று வாரம் கழித்துத்தான் தொலைபேசியில் கூப்பிட்டார். ஆகவே என் ஆலோசனை இவ்வளவுதான்: செய்ததைப் பெயர் சொல்லி ஒப்புக்கொள்ளுங்கள், காரணம் சொல்லாதீர்கள், பதிலுக்கு நாள் குறிக்காதீர்கள். பணமோ நிலமோ சம்பந்தப்பட்டிருந்தால் வாயால் கேட்பதோடு நிற்காமல் திருப்பிக் கொடுங்கள். சகேயு நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்றான்.

மன்னிப்பதையும் குற்றத்தை மூடிமறைப்பதையும் ஒன்றாக நினைக்கும் பழக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. ஒடிசாவின் மயூர்பஞ்ச் பகுதியில் தொழுநோயாளிகளிடையே 1965 முதல் உழைத்த ஆஸ்திரேலிய மிஷனெரி கிரஹாம் ஸ்டெயின்ஸும் அவருடைய மகன்கள் பிலிப்பும் திமொத்தேயுவும் 1999 ஜனவரியில் மனோகர்பூர் கிராமத்தில், உறங்கிக்கொண்டிருந்த வாகனத்தோடு எரித்துக் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்களை மன்னித்துவிட்டதாக அவருடைய மனைவி கிளாடிஸ் வெளிப்படையாகச் சொன்னார். பாரிபடாவில் தொழுநோயாளிகளுக்கான பணியையும் தொடர்ந்து நடத்தினார். ஆனால் அந்த மன்னிப்பு வழக்கை நிறுத்தவில்லை. சட்டம் தன் போக்கில் போய், முதன்மைக் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை விதித்ததை உச்ச நீதிமன்றம் 2011-இல் உறுதிசெய்தது. மனத்திலிருந்து பழியை எடுத்துப்போடுவது பாதிக்கப்பட்டவரின் செயல், நீதி வழங்குவது நாட்டின் கடமை. இரண்டும் அங்கே ஒன்றையொன்று இடிக்கவில்லை. இதை வீட்டுக்குள்ளும் கொண்டுவாருங்கள். அடி வாங்கிக்கொண்டு வந்து நிற்கும் பெண்ணிடம் "ஏழெழுபதுதரம் மன்னிக்கச் சொல்லியிருக்கிறதே" என்று சொல்லித் திருப்பி அனுப்புவது அன்பு ஆகாது. அவளுக்குத் தங்க இடம் கொடுத்து, 181 என்ற பெண்கள் உதவி எண்ணில் பேச வைத்து, காவல் நிலையத்துக்குத் துணை போவதுதான் சபையின் வேலை. மன்னிப்பதா, எப்போது மன்னிப்பது என்பதை அவளிடமே விட்டுவிடுங்கள். பிள்ளைகளுக்கு இழைக்கப்படும் குற்றங்களில் அப்படிப் பிறர் முடிவுக்கு விட்டுக் காத்திருப்பதற்கும் இடமில்லை. சபை மூப்பர்கள் உட்கார்ந்து பேசி முடிக்காமல் உடனே காவல்துறைக்கு அறிவிக்க வேண்டும்.

இனி பந்தி. நம்மைப்போல் இல்லாதவரை ஏற்றுக்கொள்வது என்று பேசும்போது நாம் வெளிநாட்டு விருந்தாளியை நினைத்துக்கொள்கிறோம்; நம் சபைகளில் அது முதலில் சாதியைப் பற்றிய பேச்சு. தமிழ்ச் சபைகளில் இது பழைய புண். 1833-இல் பேராயர் டேனியல் வில்சன், சாதி வேற்றுமையை உறுதியாகவும் உடனடியாகவும் இறுதியாகவும் கைவிட வேண்டும் என்று தென்னிந்தியச் சபைகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் அதை எதிர்த்துப் பலர் ஆராதனைக்கு வருவதையே நிறுத்தினார்கள். மேலிருந்து வந்த அந்தக் கட்டளை சரியானதே. ஆனால் கட்டளை மட்டும் போதவில்லை என்பதற்கு, கல்லறைத் தோட்டத்துக்குள்ளே சுவர் எழுப்பிய ஊர்கள் சாட்சி. ஆகவே வேலையைக் கீழிருந்து, இலை போடும் இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்கிறேன்.

அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரமே ஒரு பந்திச் சண்டைதான். கிரேக்க மொழி பேசும் விதவைகள் அன்றாட விசாரணையில், அதாவது உணவுப் பங்கீட்டில், விடுபட்டுப்போனதாக முறுமுறுப்பு எழுந்தது. அப்போது தெரிந்துகொள்ளப்பட்ட ஏழு பேரின் பெயர்களைப் படித்துப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. எல்லாம் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்தின் கையிலேயே கரண்டியைக் கொடுத்துவிட்டார்கள்! அசனத்தில் இதைச் செய்வது எளிது. அடுப்படிக்கும் பரிமாறுவதற்கும் எல்லாத் தெருக்களிலிருந்தும் ஆட்களைப் போடுங்கள்; குறிப்பாக, இதுவரை விறகு உடைக்கவும் இலை எடுக்கவும் மட்டும் கூப்பிடப்பட்டவர்களிடம் குழம்பு வாளியைக் கொடுங்கள். தெருவாரியாகப் பந்தி போடாதீர்கள். வரும் வரிசையில் சீட்டுக் கொடுத்து, சீட்டு எண்படி உட்கார வையுங்கள். கமிட்டிக்காரர்களும் ஐயரும் அதே சீட்டு வாங்கட்டும். யாராவது எழுந்து வேறிடம் போனால் சத்தம் போட வேண்டாம். ஆனால் அந்தக் காலி இலையின் முன் சபைத் தலைவர்களில் ஒருவர் உடனே போய் உட்கார வேண்டும். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு உண்பதிலிருந்து விலகியபோது பவுல் அதை எல்லோர் முன்பாகவும் கண்டித்தார் என்பதையும், அது உபதேசத்தைப் பற்றிய தர்க்கமாக மட்டும் இல்லாமல் சாப்பாட்டு இடத்தைப் பற்றியதாகவும் இருந்தது என்பதையும் கலாத்தியர் நிருபத்தில் காணலாம்.

மதில் சுவருக்கு வெளியே பாத்திரத்தோடு யாராவது காத்திருக்கிறார்களா என்று போய்ப் பாருங்கள். ஒரு வருடம் நான் போனபோது, எண்பது வயதிருக்கும் ஒரு பாட்டி அங்கே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரச் சொன்னதற்கு, "நாங்க இங்கதான்யா வாங்குவோம்" என்றார். வராதே என்று அவரிடம் அன்று யாரும் சொல்லவில்லை. அறுபது ஆண்டுகளுக்கு முன் சொன்னதை யாரும் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை. இப்படிப்பட்டவரைப் பொதுவாக அழைத்தால் வரமாட்டார். வீட்டுக்குப் போய்ப் பெயர் சொல்லி அழைத்து, கூடவே நடந்து வந்து, பக்கத்தில் உட்கார வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சம்மணமிட முடியாதவர்களுக்கு மேசை நாற்காலி தனி மூலையில் இல்லாமல் அதே பந்தியின் வரிசையில் இருக்கட்டும். அக்கம்பக்கத்து இந்து, முஸ்லிம் வீடுகளை அழைத்தால், சைவச் சமையலுக்குத் தனி அடுப்பும் தனிக் கரண்டியும் வையுங்கள். ஆட்டை முஸ்லிம்களின் முறைப்படி அறுக்கும் ஒருவரைக் கொண்டு அறுப்பதற்கு அதிகச் செலவு ஆகாது. சாப்பாட்டோடு துண்டுப்பிரதி கொடுப்பதை நான் ஏற்பதில்லை. விருந்தைத் தூண்டிலாக்கினால் விருந்தாளிக்கு அது உடனே தெரிந்துவிடும். கட்டட வேலைக்கு வந்திருக்கும் வடமாநில இளைஞர்களிடமும் போங்கள். ஜார்க்கண்டின் சோட்டா நாக்பூர் பகுதியில் 1845 முதல் வேரூன்றிய லுத்தரன் சபை இருக்கிறது; உங்கள் தெருமுனையில் சிமெண்ட் கலக்குபவர் நான்காம் தலைமுறைக் கிறிஸ்தவராகக்கூட இருக்கலாம். பந்திக்கு முந்திய ஜெபங்களில் ஒன்றை அவர்களுடைய மொழியில் ஏறெடுக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு நடைமுறைக் குறிப்பு. அண்டா கழுவுகிறவர்களும் பரிமாறுகிறவர்களும் உட்காரும் கடைசிப் பந்தியில் பெரும்பாலும் கறி இருக்காது, குழம்பின் சாறு மட்டும் இருக்கும். எனவே முதல் பந்தி தொடங்குமுன் ஒரு தேக்சா நிறையக் கறியை எடுத்து மூடி, அதற்குப் பொறுப்பாக ஒருவரை நியமியுங்கள். அந்தப் பந்திக்கு வாளி தூக்கிப் பரிமாற வேண்டியவர்கள் முதல் பந்தியில் சாப்பிட்டுப் போனவர்கள் என்று அழைப்பிதழிலேயே அச்சிட்டுவிடுங்கள்.