பாக் விரிகுடாவைச் சுற்றிப் பார்ப்பது எப்படி?

நேராக ராமேஸ்வரத்தில் போய் இறங்காதீர்கள். கோடியக்கரையில் தொடங்குங்கள், வங்கக் கடலோரமாகத் தெற்கே வந்த கரை சட்டென்று மேற்கே திரும்புவது அங்கேதான். அப்படியே கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்துக் கீழே இறங்கினால் விரிகுடாவின் தமிழ்நாட்டு ஓரம் முழுவதையும் பார்த்துவிடலாம்.

எப்போது போவது? பறவைகளுக்காக என்றால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. வாடைக்காற்று மாதங்களில் இந்தக் கடல் முரண்டு பிடிக்கும், புயல் எச்சரிக்கை வேறு வரும், அதனால் என் ஓட்டு ஜனவரிப் பாதிக்கு மேல்தான்.

கோடியக்கரை சரணாலயத்துக்குள் காலையிலேயே போய்விடுங்கள், புல்வெளியில் வெளிமான்கள் மேயும். சதுப்புப் பக்கம் பூநாரை தேட பைனாகுலர் வேண்டும்.

அடுத்து முத்துப்பேட்டை. அலையாத்திக் காட்டுக்குப் படகில்தான் போக முடியும், வனத்துறை அனுமதியும் வேண்டும், முன்கூட்டியே பேசி வையுங்கள். அங்கே மரத்தை அண்ணாந்து பார்ப்பதைவிடக் குனிந்து சேற்றைப் பாருங்கள்: பென்சில் நட்டுவைத்த மாதிரி ஆயிரக்கணக்கில் மூச்சுவேர்கள். அந்தச் சேற்றுக்குள் காற்று கிடையாது, அதனால் வேரே மேலே வந்து மூச்சுவிடுகிறது.

அப்புறம் கடல்பசு. மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022-ல் அதற்கான பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். கரையில் நின்று அதைப் பார்த்துவிடலாம் என்று மட்டும் நம்பிப் போகாதீர்கள், அது தலையைத் தூக்குவதே மூச்சுவிடத்தான். அதன் சாப்பாட்டைப் பார்க்கலாம். இந்த விரிகுடா ஆழம் குறைந்தது, பல இடங்களில் வெயில் தரைவரை இறங்குவதால் கடல்தாழை என்கிற கடல்புல் புல்வெளியாக வளர்கிறது; தஞ்சாவூர்க் கடலோரத்தில் இருக்கும் மனோரா கோட்டைப் பக்கம் கரையோரம் நடந்தால் நாடா நாடாக ஒதுங்கிக் கிடக்கும். கடல் அட்டை, கடல் குதிரை கண்ணில் பட்டால், காய்ந்ததாக இருந்தாலும் சரி, எடுக்கவே கூடாது. வனவிலங்குச் சட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

கடைசியாக தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை. முனையை நோக்கிப் போகும்போது இடப்பக்கம் பாக் விரிகுடா, வலப்பக்கம் மன்னார் வளைகுடா. ஆடி மாதத்தில் வலப்பக்கம் பொங்கிக்கொண்டிருக்கும், இடப்பக்கம் அடங்கிக் கிடக்கும். கார்த்திகையில் அப்படியே தலைகீழ். இடப்பக்கம் அமைதியாக இருக்கிறதே என்று முனையில் இறங்கிக் குளித்துவிடாதீர்கள், நீரோட்டம் இழுத்துவிடும். மாலையில் வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், மதியத்துக்குள் போய்ச் சேருங்கள். குடிக்கத் தண்ணீரை ராமேஸ்வரத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.