பில்லில் எண்கள் நேராக நிற்க

பாளையங்கோட்டையில் அத்தான் கடைக்குப் பைத்தான் என்ற நிரல்மொழியில்தான் பில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். எஃப்-ஸ்ட்ரிங்கில் (எழுத்துகளுக்கு நடுவே மதிப்பைச் செருகும் பைத்தான் வசதி) தொகைக்குப் பின்னால் :>10 போடுங்கள். எண் பத்து இடத்துக்குள் வலப்பக்கம் ஒட்டி நிற்கும். கூடவே .2 எழுதி எஃப் எழுத்தையும் சேர்த்தால் 42.5 என்பது 42.50 ஆகிவிடும்.

இலக்கங்களுக்கு நடுவே கமா கேட்டால் பைத்தான் 1,250,000 என்று தரும். நம் ஊர் வியாபாரிக்கு 12,50,000 தான் கண்ணுக்குப் பிடிக்கும். கடைசி மூன்று இலக்கத்தைப் பிரித்து, மீதியை வலமிருந்து இரண்டிரண்டாக வெட்டும் சின்ன ஃபங்ஷன் போதும்.

சரக்குப் பெயரில்தான் நிஜமான சிக்கல். 'கருப்பட்டி' நமக்கு ஆறு எழுத்து. பைத்தான் புள்ளியையும் துணைக்குறிகளையும் தனித்தனியாக எண்ணி 10 என்று சொல்லும். அதனால் :<15 போட்டு இடப்பக்கம் ஒட்டி 15 இடம் ஒதுக்கினாலும் அடுத்த எண் கோணலாகும். எண்களை முதலில் அச்சிட்டு, தமிழ்ப் பெயரை வரியின் கடைசியில் வையுங்கள்.