18 முறை என்றார்கள், 11 முறைதான் இறங்கினேன்: படகிலேயே தங்கி முக்குளிக்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிலிப்பைன்ஸின் பலவான் தீவுக்குத் தென்கிழக்கே, சூலூ கடலின் நடுவில் இருக்கிறது துப்பதாஹா பவளத்திட்டு. புவேர்ட்டோ பிரின்செசா துறைமுகத்திலிருந்து சுமார் 150 கிலோமீட்டர். அங்கே ஊரும் இல்லை, விடுதியும் இல்லை. பூங்காக் காவலர்களுக்காக மணல்திட்டில் கட்டிய நிலையம் ஒன்று உண்டு, அவ்வளவுதான். ஸ்கூபா முக்குளிக்கப் போகிறவர்கள் படகிலேயே உண்டு, உறங்கி, அதிலிருந்தே கடலில் இறங்க வேண்டும். இப்படிப்பட்ட பயணத்துக்கு லைவ்அபோர்ட் என்று பெயர்.

இரண்டு வருடம் சேர்த்த பணத்தில் நானும் போனேன். 6 இரவு, 18 முக்குளிப்பு என்று விளம்பரம் சொன்னது. எனக்குக் கிடைத்தது 11. திரும்பி வந்து ஒரு மாதம் அந்தப் படகுக்காரர்களைத் திட்டித் தீர்த்தேன். ஒருநாள் காகிதத்தை எடுத்து, விடுபட்ட ஏழும் எங்கே போயின என்று எழுதிப் பார்த்தேன். அவற்றில் ஐந்தை நான் வீட்டில் உட்கார்ந்து, டிக்கெட் எடுக்கும்போதே கோட்டைவிட்டிருந்தேன்.

தள்ளுபடி ஏன் என்று கேட்காதது

மூன்று முக்குளிப்பை ஒரே நாளில் தின்றது காற்று. துப்பதாஹாவுக்குப் படகுகள் போவது மார்ச் நடுவிலிருந்து ஜூன் நடுவரை மட்டும். மற்ற மாதங்களில் பருவக்காற்றும் அலையும் விடாது. அந்த மூன்று மாதத்திலும் கடல் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஏப்ரல், மே மாதங்களில் கண்ணாடி போலக் கிடக்கும். தொடக்கத்தில் வடகிழக்குக் காற்றின் மிச்சமும், முடிவில் அங்கே ஹபாகத் என்று சொல்லப்படும் தென்மேற்குப் பருவக்காற்றின் முன்னோட்டமும் வந்து முட்டும். கால்வாசித் தள்ளுபடி என்று எனக்குக் கிடைத்தது ஜூன் இரண்டாம் வாரம். ஏன் தள்ளுபடி என்று கேட்கத் தோன்றவில்லை. கிடைத்ததே என்ற மகிழ்ச்சி. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்வது நெல்லுக்குச் சரி, படகுக்கு ஒத்துவராது.

ஐந்தாம் நாள் காலையில் ஒருமுறை இறங்கியதோடு சரி. ஆட்களை ஏற்றி இறக்கும் ரப்பர்ப் படகு ஆளுயரத்துக்கு எழும்பி விழுந்ததைப் பார்த்த கேப்டன், இன்று போதும் என்றுவிட்டார். அவர் செய்தது சரி. வானிலையால் தவறியதற்குப் பணம் திரும்பாது என்று நான் கையெழுத்திட்ட தாளில் இருந்தது. கிட்டத்தட்ட எல்லாப் படகுகளின் தாளிலும் அது இருக்கும். கையெழுத்திடுவதற்கு முன் படிப்பவர்கள்தான் குறைவு.

இரவுகளை எண்ணி ஏமாறுவது

6 இரவில் முதல் இரவு போவதற்கு, கடைசி இரவு திரும்புவதற்கு. ஒரு வழிக்கே பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். இடையில் வடக்குத் திட்டிலிருந்து தெற்குத் திட்டுக்கு நகரும் நாளில் ஒன்று குறையும். துறைமுகத்தில் யாரோ ஒருவருடைய விமானம் தாமதமானால், மறுநாள் காலை முக்குளிப்பும் போகும். எனக்கு இரண்டுமே நடந்தன. விளம்பரத்தில் 18 என்ற எண்ணுக்கு முன்னால் 'அதிகபட்சம்' என்ற சொல் சிறிய எழுத்தில் இருந்தது. எந்த நாள், எத்தனை மணிக்கு, எத்தனை முறை என்ற அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். தரத் தயங்கினால் வேறு படகு பாருங்கள்.

கட்டணத்திலும் இதே கதைதான். பூங்கா நுழைவுக் கட்டணம், வாடகைக் கருவி, நைட்ராக்ஸ் என்ற ஆக்சிஜன் கூடுதலான காற்றுக் கலவை, ஊழியர்களுக்கான அன்பளிப்பு எல்லாம் கடைசி நாள் தாளில் தனித்தனியாக வந்து நிற்கும். நைட்ராக்ஸ் காசைக் கஞ்சத்தனம் பார்த்து விட்டுவிடாதீர்கள். முக்குளிப்புப் பயிற்சி அமைப்பான பேடியின் அட்டவணைப்படி 18 மீட்டர் ஆழத்தில் சாதாரணக் காற்றோடு 56 நிமிடம் இருக்கலாம். 32 சதவீத ஆக்சிஜன் கலவையோடு 95 நிமிடம். ஒரே நாளில் நான்கு முறை இறங்கும்போது அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஆனால் அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும், அதை ஊரிலேயே முடித்துக்கொள்வது நல்லது.

சான்றிதழை நம்பி இறங்குவது

எண்ணிக்கையில் வராத நஷ்டம் இது. என்னிடம் மேல்நிலைச் சான்றிதழ் இருந்தது. 23 முறை இறங்கியிருந்தேன், எல்லாம் அமைதியான நீரில். கடைசியாக இறங்கி 14 மாதம் ஆகியிருந்தது. துப்பதாஹாவில் பவளத்திட்டு தட்டையாகப் பரவியிருக்காது. விளிம்பில் சுவர் மாதிரி செங்குத்தாக இறங்கும், கீழே நீலம் மட்டும். அந்தச் சுவரை ஒட்டி நீரோட்டம் ஓடும். ஓர் இடத்துக்குச் சலவை இயந்திரம் என்ற பொருளில் 'வாஷிங் மெஷின்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரைக் கேட்டுச் சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

இறங்கிய ஐந்தாவது நிமிடத்தில் நீரோட்டம் திரும்பியது. மற்றவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு மெல்லக் காலை அசைத்தார்கள். நான் எதிர்நீச்சல் போட்டேன், அதுவும் இரண்டு கைகளாலும். 200 பார் அழுத்தத்தில் தொடங்கிய சிலிண்டர் 28 நிமிடத்தில் 70-க்கு வந்துவிட்டது. வழிகாட்டி என் அளவுமானியை ஒருமுறை பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார், மேலே ஏறு என்று கட்டை விரலைக் காட்டினார். குழுவாக இறங்கினால் குழுவாக ஏற வேண்டும் என்பது அந்தப் படகின் விதி. மற்ற ஏழு பேரும் என்னோடு ஏறினார்கள். அவர்களிடம் இன்னும் பாதிக்கு மேல் காற்று இருந்தது. அன்று மதியச் சாப்பாட்டில் யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

பல படகுகள் 50 முக்குளிப்பாவது இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கின்றன. கண்டிப்பாகச் சோதிக்காத படகு கிடைத்தால் அதிர்ஷ்டம் என்று நினைக்காதீர்கள். உங்களோடு வருகிற மற்ற ஏழு பேரையும் அது சோதித்திருக்காது. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பாவது, நீரோட்டம் உள்ள இடத்தில் நாலைந்து முறை இறங்கிவிட்டுப் போங்கள். மேற்பரப்பு அடையாள மிதவையை நீருக்கடியிலிருந்து ஊதி விடவும் பழகியிருக்க வேண்டும். அலைக்கு நடுவே படகுக்காரர் உங்கள் தலையைத் தேட மாட்டார், அந்த ஆரஞ்சு நிற மிதவையைத்தான் தேடுவார்.

கருவியைத் துறைமுகத்தில் சோதிக்காதது

வாடகைக்கு வாங்கிய மிதவை அங்கியின் காற்று வால்வு தானாகவே காற்றை உள்ளே விட்டுக்கொண்டிருந்தது. சுவரோரம் இது சிறிய கோளாறு அல்ல. மனிதனை மேலே இழுத்துவிடும். அதைக் கண்டுபிடித்தபோது படகு நடுக்கடலில் இருந்தது. மாற்று அங்கி கிடைப்பதற்குள் என் குழு போய்விட்டது. முதல் நாள் மாலை, படகு துறைமுகத்தில் கட்டியிருக்கும்போதே அங்கியைச் சிலிண்டரில் பூட்டிக் காதை வைத்திருந்தால், ஸ்ஸ் என்ற சத்தம் கேட்டிருக்கும். மாஸ்க்கும் டைவ் கம்ப்யூட்டரும் சொந்தமாக இருப்பது நல்லது. குமட்டல் மாத்திரையைப் படகு கிளம்புவதற்கு முன்பே விழுங்குங்கள். வாந்தி தொடங்கிய பிறகு அது கடலுக்குத்தான் போகும்.

படத்தைப் பார்த்துக் கடலை எதிர்பார்ப்பது

விளம்பரப் படங்களில் பவளம் செக்கச்செவேல் என்று இருக்கும். அவை பெரிய விளக்குகளை வைத்து எடுத்தவை. சிவப்பு நிறத்தைத் தண்ணீர் முதல் சில மீட்டரிலேயே உறிஞ்சிவிடுகிறது. 20 மீட்டரில் அதே பவளம் சாம்பல் பூத்த நீலமாகத் தெரியும். கையில் ஒரு டார்ச் இருந்தால் நிறம் திரும்பி வரும். எனக்கு இது மூன்றாம் நாள் பக்கத்து அறைக்காரர் விளக்கை இரவல் கொடுத்தபோதுதான் தெரிந்தது.

தொலைவில் இருப்பதால் கெடாமல் இருக்கும் என்பதும் பாதி உண்மைதான். 1993 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாக இருக்கும் இந்தத் திட்டில், 2013 ஜனவரியில் அமெரிக்கக் கடற்படையின் கார்டியன் என்ற கண்ணிவெடி அகற்றும் கப்பல் ஏறி மாட்டிக்கொண்டது. இழுத்தால் இன்னும் கெடும் என்று கப்பலையே துண்டு துண்டாக வெட்டி எடுத்தார்கள். அப்படியும் 2,345 சதுர மீட்டர் பவளம் நாசமானது. அதே வருடம் ஏப்ரலில் சீன மீன்பிடிப் படகு ஒன்று தரைதட்டியது. அதற்குள் எறும்புத்தின்னி இறைச்சி பெட்டி பெட்டியாக இருந்தது. கடல் சூடாகிப் பவளம் வெளுப்பது தனிக் கதை. எந்தத் திட்டுக்குப் போனாலும் இந்த வருடம் அங்கே இறங்கியவரிடம் நிலைமையைக் கேளுங்கள். ஐந்து வருடத்துக்கு முந்தைய படத்தை நம்ப வேண்டாம்.

இரவில் யார் விழித்திருப்பார் என்று கேட்காதது

உணவு, ஏசி, அறையில் ஜன்னல் என்றெல்லாம் விசாரித்த நான் இதைக் கேட்கவில்லை. 2019 செப்டம்பர் 2 அன்று கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் தீவருகே கன்செப்ஷன் என்ற முக்குளிப்புப் படகு விடியற்காலையில் எரிந்தது. கீழ்த்தளத்தில் தூங்கிய 34 பேரும் இறந்தார்கள். இரவு ரோந்து வர ஆளில்லை. கீழ்த்தளத்திலிருந்து இரண்டு வழிகள் இருந்தும், இரண்டுமே தீப்பிடித்த அதே கூடத்தில்தான் திறந்தன.

ஏறியதும் உங்கள் அறையிலிருந்து வெளியேறும் இரண்டாவது வழி எது என்று கேட்டு, அதில் ஒருமுறை ஏறியும் பாருங்கள். லித்தியம் பேட்டரிகளை ஆளில்லாத நேரத்தில் சார்ஜ் செய்ய விடும் படகு எனக்கு இனி வேண்டாம். எங்கள் படகின் சாப்பாட்டுக் கூடத்தில் இரவெல்லாம் பன்னிரண்டு கேமரா பேட்டரிகள் மினுக்கிக்கொண்டிருந்தன. அப்போது அது எனக்கு அழகாகத் தெரிந்தது.

குறையைப் பற்றி ஒரு வார்த்தை. அன்றன்று மாலை, பயணப் பொறுப்பாளரிடம் நேராகச் சொல்லுங்கள். என் அறைக்குக் கீழே ஜெனரேட்டர் இரவு முழுவதும் உறுமியதை ஐந்தாம் நாள் சொன்னேன். மேலே ஓர் அறை முதல் நாளிலிருந்தே காலியாக இருந்ததாம்.

விடுபட்டவற்றில் ஏழாவது விமானத்தால் போனது. பல நாள் தொடர்ந்து இறங்கியவர்கள் விமானம் ஏறுவதற்கு முன் குறைந்தது 18 மணி நேரம் விட வேண்டும் என்று முக்குளிப்போர் பாதுகாப்பு அமைப்பான டான் சொல்கிறது. எனக்கு மறுநாள் காலை 8 மணிக்கு விமானம். ஆறாம் நாள் கடைசி முக்குளிப்பு முடியவே பிற்பகல் மூன்றரை ஆகும். விரல்விட்டு எண்ணினேன், பதினாறரை மணி நேரம்தான் வந்தது. மேல்தளத்தில் காய்ந்த துண்டோடு உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம் கழித்துக் குழு ஏறி வந்தது. என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பெரிதாக ஒன்றுமில்லை என்றார். அவருக்குப் பின்னால் வந்தவர் இரண்டு கைகளையும் அகல விரித்துக்கொண்டு சமையல்காரரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.