ஈரத்துணிக் கணக்கு: பிறந்த குழந்தை ஒன்றுக்குப் போவதை எப்படிக் கவனிப்பது?

தாய்ப்பால் போதுகிறதா என்ற கேள்விக்கு வீட்டிலேயே கிடைக்கும் நல்ல பதில், குழந்தை நனைக்கும் துணிதான். பெரும்பாலான குழந்தைகள் பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் சிறுநீரைக் கழித்துவிடும். பிரசவ அறையிலேயே போயிருக்கலாம், நர்ஸிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 24 மணி நேரம் தாண்டினால் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

முதல் நாள் ஒரு தடவை, இரண்டாம் நாள் இரண்டு, மூன்றாம் நாள் மூன்று என்று போனாலே போதும். சீம்பால் கொஞ்சமாகத்தான் சுரக்கும். பால் நன்றாக இறங்கியதும் கணக்கு ஏறும்: ஐந்தாம் நாளிலிருந்து 24 மணி நேரத்தில் குறைந்தது 6 டயப்பராவது கனமாக நனைய வேண்டும். எது கனம்? புது டயப்பரில் 3 மேசைக்கரண்டி (45 மில்லி) தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பாருங்கள், கைக்குப் பிடிபட்டுவிடும்.

துணி கட்டுகிறவர்கள் இந்த 6-ஐ அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பச்சைக் குழந்தை கொஞ்சம் கொஞ்சமாக, சில நேரம் பாதியில் நிறுத்தி மறுபடியும் போகும். டயப்பர் இரண்டு மூன்று தடவையைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். துணியை ஒவ்வொரு தடவையும் மாற்றுவோம். அதனால் துணிக் கணக்கு பதினைந்தைத் தொட்டாலும் அது இயல்புதான்.

முதல் இரண்டு மூன்று நாளில் செங்கல் பொடி மாதிரி இளஞ்சிவப்புக் கறை தெரியலாம். அது யூரேட் உப்பு, ரத்தமில்லை. ஐந்தாம் நாளுக்குப் பிறகும் தெரிந்தால் பால் போதவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். பெண் குழந்தைக்கு முதல் வாரத்தில் பிறப்புறுப்பிலிருந்து ஓரிரு சொட்டு ரத்தம் வருவது அம்மாவின் ஹார்மோன் குறைவதால்தான், தானே நின்றுவிடும்.

போவதற்கு முன் சிணுங்குவது சகஜம். போகும்போதே வீறிட்டு அழுதால், முக்கினால், ஆண் குழந்தைக்குத் தாரையாக வராமல் எப்போதும் சொட்டுச் சொட்டாக வந்தால் காட்டிவிடுங்கள். பின்சிறுநீர்க்குழாயில் அடைப்பு இருக்கலாம். குளிப்பாட்டும்போது நுனித்தோலைப் பின்னுக்குத் தள்ளும் பழக்கம் வேண்டவே வேண்டாம், புண்ணாகும்.

சிறுநீர் குறைகிறதே என்று சர்க்கரைத் தண்ணீரோ வெந்நீரோ புகட்டாதீர்கள். வயிறு நிறைந்து பால் குடிப்பது குறையும், சுரப்பும் குறையும். நாளுக்கு 8 முதல் 12 தடவை பால் கொடுங்கள். அப்படியும் பால் நன்றாக இறங்கிய பிறகு 8 மணி நேரம் துணி நனையவில்லை, உச்சிக்குழி உள்வாங்கியிருக்கிறது, எழுப்பினாலும் குடிக்காமல் துவண்டு கிடக்கிறது, அல்லது 100.4 டிகிரிக்குக் காய்ச்சல் என்றால், இரவானாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.