அக்கெனாத்தென் காலத்த படிக்கணுமா? மொதல்ல சிதறால் மலை ஏறிட்டு வாங்க

எகிப்துல அக்கெனாத்தென்னு ஒரு ராஜா இருந்த சாமிய எல்லாம் ஒதுக்கிட்டு சூரிய வட்டத்த மட்டும் கும்பிட்டாராமே, அவரு காலத்து சிலையில மூஞ்சி நீண்டு வயிறு தொங்கி இருக்கே, இத எங்கேந்து படிக்க ஆரம்பிக்கணும்னு நாகர்கோவில் பக்கத்து காலேஜ் பிள்ளைங்க அடிக்கடி கேக்குறாங்க. அந்த ராஜா மனசுல என்ன நெனச்சாருன்னு தேடிப் போகாதீங்க மக்கா, கல்லுல என்ன மாறியிருக்குன்னு மட்டும் கொஞ்ச நாளைக்கு பாருங்க.

அதுக்கு பழக நமக்கு பக்கத்துலயே எடம் இருக்கு. மார்த்தாண்டம் பக்கம் சிதறால் மலைக்கு காலையில வெயில் சாய்வா விழும்போது போங்க, பாறையில சமணத் தீர்த்தங்கரர் உருவங்க வரிசையா புடைப்பா நிக்கும், பார்சுவநாதர் தலைக்கு மேல பாம்பு படம் எடுத்திருக்கும். 9-ஆம் நூற்றாண்டுல ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்து கல்வெட்டு இருக்குற சமணத் தலம், பின்னால பகவதி கோயிலாச்சு. நோட்டுல மூணு கட்டம் போடுங்க: அப்படியே விட்டது, புதுசா சேத்தது, அழிச்சது. "ஏன்"ங்கறதுக்கு இப்ப கட்டம் போடாதீங்க, அத முதல்லயே போட்டா கண்ணு பாக்குறத நிறுத்திரும். இந்த மூணு கட்டத்தையும் தான் எகிப்துக்கு கொண்டுபோகப் போறோம்.

அடுத்து ஒரு நீள பேப்பர்ல வருஷக் கோடு. நம்ம ராஜா நாலாம் அமென்ஹோடெப்ங்கற பேர்ல பட்டத்துக்கு வந்தது கி.மு. 1353 வாக்குல, புத்தகத்துக்கு புத்தகம் சில வருஷம் முன்னப் பின்ன வரும், அதனால ஆட்சி வருஷத்த வச்சு குறிச்சுக்கிடுங்க, மொத்தம் 17. 5-ஆம் வருஷத்துல பேர அக்கெனாத்தென்னு மாத்திக்கிட்டு, இப்ப அமர்னான்னு சொல்ற எடத்துல அக்கெத்தாத்தென்னு புது ஊருக்கு எல்லைக்கல் நடுறாரு. ஆனா கோட்ட அவரோட தொடங்கிறாதீங்க, அப்பா மூணாம் அமென்ஹோடெப் காலத்துலயே ஆத்தென்ங்கற அந்த சூரிய வட்ட சாமி பேரு அரண்மனையில புழங்குது. ஒரே ராத்திரியில எல்லாம் மாறிச்சுன்னு யாராவது சொன்னா இந்தக் கோட்ட காட்டுங்க.

பேர கவனிக்கிறது ரொம்ப முக்கியம். அமென்ஹோடெப்ங்கற பேருக்குள்ள இவரு ஒதுக்குன அமுன் சாமி இருக்காரு, அதனால சொந்த அப்பா பேர்லயே அந்த எழுத்த உளி வச்சு வெட்டி எடுத்திருக்காங்க. ஆத்தென் பேரும் ராஜா பேர் மாதிரி ரெண்டு வளையத்துக்குள்ள எழுதுவாங்க, மொதல்ல அதுல ஹோரஸ் சாமியோட அடையாளம் இருந்தது, ஆட்சியோட பின்பாதியில அதையும் எடுத்துட்டாங்க. அப்ப ஒரு கல்லுல அந்த வளையத்த படிச்சாலே முன்பாதியா பின்பாதியான்னு சொல்லிரலாம், தேதி எழுதாத கல்லுக்கு இதுதான் தேதி.

கோயில் அமைப்பு நமக்கு லேசா புரியும். சுசீந்திரத்துல கோபுரம் தாண்டி உள்ள போகப் போக வெளிச்சம் கொறஞ்சு கடைசியில விளக்கு வெளிச்சத்துல தானே தாணுமாலயன பாக்குறோம்? எகிப்துல கர்னாக்ங்கற எடத்துல அமுன் கோயிலும் அப்படித்தான், உள்ள போகப் போக இருட்டு. ஆத்தென் கோயில்ல கூரையே கிடையாது, திறந்த முற்றத்துல நூத்துக்கணக்கா படையல் மேடை. சாமியே வானத்துல இருக்கும்போது கருவறை எதுக்கு! கட்டுன கல்லும் சின்னது, ஏறக்குறைய 52 செ.மீ. நீளம், ஒரு ஆள் தூக்கலாம், பேரு தலாத்தாத். பின்னால வந்த ராஜா ஹோரெம்ஹெப் கர்னாக்ல இருந்த ஆத்தென் கோயில இடிச்சு கல்ல தன்னோட வாசல் கோபுரத்துக்குள்ள அடைச்சாரு, அதனாலயே ஆயிரக்கணக்குல பத்திரமா நமக்கு கெடச்சிருக்கு.

இப்ப ஒரே ஒரு படத்த எடுத்து ஒரு வாரம் பாருங்க. நான் சொல்றது பெர்லின்ல இருக்குற சுண்ணாம்புக்கல் பலகை, ஒரு அடி உயரந்தான் இருக்கும், வீட்டுல வச்சு கும்பிட்டதுன்னு கருதுறாங்க. ராஜாவும் ராணி நெஃபர்டிட்டியும் எதிரெதிரா உக்காந்திருக்காங்க, ராஜா ஒரு மகள தூக்கி முத்தம் குடுக்க போறாரு, ஒருத்தி அம்மா மடியில, சின்னவ அம்மா தோள்ல ஏறி கிரீடத்துல தொங்குறத பிடிச்சு விளையாடுறா. மேல சூரிய வட்டம், ஒவ்வொரு கதிரும் கையில முடியுது. பென்சில எடுத்து அந்தக் கைய எண்ணுங்க, அது நீட்டுற 'அங்க்'ங்கற உயிர்க்குறி யார் மூக்குக்கு போகுதுன்னு குறிச்சுக்கிடுங்க: ராஜாவுக்கும் ராணிக்கும் மட்டும். பிள்ளைகளுக்கு கூட இல்ல. வீட்டுல இத வச்சு கும்பிட்டவனுக்கு சாமி கிட்ட போற வழி யார் மூலமான்னு இப்ப நீங்களே எழுதலாம், "ஏன்" கட்டத்த தொறக்கிற நேரம் இதுதான்.

உடம்பு வாகு பத்தி ராஜாவுக்கு அந்த நோய், இந்த நோய்னு நிறைய பேச்சு வரும். அதுக்கு போறதுக்கு முன்னால ராணியையும் மகள்களையும் அதே வாகுல தான் வரஞ்சிருக்காங்கன்னு பாருங்க, நிக்கிற உருவத்துக்கு அளவு பிடிக்க உயரவாக்குல வழக்கமா போடுற 18 சதுரக் கட்டம் 20 ஆனதையும் சேத்து பாருங்க, இது சிற்பிங்க பிடிச்ச புது அளவு. கர்னாக்ல கெடச்ச ராஜாவோட பெரிய சிலைங்க ஆரம்ப காலம், ரொம்ப கூர்மை. 1912 டிசம்பர் 6-ஆம் தேதி துத்மோஸ்ங்கற சிற்பியோட பட்டறையில கெடச்ச நெஃபர்டிட்டி தலை எவ்வளவு மெத்துனு இருக்கு! ரெண்டையும் ஒரே ஸ்டைல்னு எழுதாதீங்க.

சாதாரண சனத்துக்கு தனிப் பக்கம் ஒதுக்குங்க. அமர்னா வேலைக்காரங்க குடியிருப்புல பெஸ், தவெரெட்னு பழைய சாமி தாயத்துங்க கெடச்சிருக்கு, அரண்மனையில மாறுனது அடுப்பங்கரையில அப்படியே மாறல. அங்க இடுகாட்டு எலும்புல பாரம் சுமந்த தேய்மானமும் பசியும் தெரியுது, இத விட்டுட்டு அந்த ஊரோட அழக மட்டும் எழுத எனக்கு மனசு வராது.

கடைசியா ஒரு செய்முறை. அங்க செதுக்கினது பெரும்பாலும் பள்ளப் புடைப்பு, உருவத்த வெளிய தள்ளாம சுத்துக்கோட்ட உள்ள வெட்டி எறக்குறது. ஒரு பார் சோப்புல ஊக்கால ஒரு மூஞ்சி அப்படி கீறுங்க, இன்னொண்ணுல சிதறால் மாதிரி சுத்தி செதுக்கி உருவத்த மேல நிறுத்துங்க. ரெண்டையும் மத்தியானம் மொட்டமாடியில வச்சு, எதுல கோடு கருப்பா நிக்குதுன்னு பாத்து போட்டோ எடுத்து நோட்டுல ஒட்டிக்கிடுங்க.