மறைத்து எடுத்துச்செல்லும் கைத்துப்பாக்கி: பெண்கள் வாங்கும்போது எங்கே தவறுகிறது?

அமெரிக்கத் துப்பாக்கிக் கடையில் ஒரு பெண் போய், "கூடவே வைத்துக்கொள்ள ஒன்று வேண்டும்" என்று கேட்டால், கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து பல நேரம் வெளியே வருவது ஒரு குட்டி ரிவால்வர்தான். ஐந்து தோட்டா பிடிக்கும், குழல் இரண்டு அங்குலம்கூட இருக்காது, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். சின்னக் கைக்குச் சின்னத் துப்பாக்கி என்பது கேட்க நியாயமாகத்தான் படுகிறது. வாங்கிப் போய் ஒரு பெட்டித் தோட்டாவைச் சுட்டு முடிப்பதற்குள் கை கன்றிப்போய், அது நேரே அலமாரிக்குப் போய்விடுகிறது.

காரணம் எளிய கணக்கு. சுடும்போது பின்னால் வரும் உதையை முதலில் தாங்குவது துப்பாக்கியின் எடை. எடை குறையக் குறைய மிச்சமெல்லாம் மணிக்கட்டுக்கு வரும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 இந்த வகையில் பேர்போனது: .38 ஸ்பெஷல் தோட்டா, தோட்டா போடாமல் சுமார் 400 கிராம். அதன் ட்ரிக்கரை இழுக்க ஏறத்தாழ 5 கிலோ பலம் தேவை. துப்பாக்கியின் எடையைப் போலப் பத்து மடங்குக்கு மேல் ஒற்றை விரலால் இழுக்கும்போது முனை அசையாமல் இருக்க நீண்ட பழக்கம் வேண்டும். குறி பார்க்க மேலே இருப்பதும் உலோகத்தில் வெட்டிய ஒரு பள்ளம்தான். அதே கம்பெனியின் 340பிடி இன்னும் லேசு, சுமார் 330 கிராம், அதில் இன்னும் வலுவான .357 மேக்னம் தோட்டாவே போடலாம். ஒருமுறை போட்டுச் சுட்டவர் மறுமுறை யோசிப்பார்.

இவை மோசமான பொருள் இல்லை. போலீசார் கணுக்காலில் இரண்டாவது துப்பாக்கியாகக் கட்டிக்கொண்ட வகை இது. கைதேர்ந்தவருக்கு உரியதைப் புதியவருக்கு முதல் துப்பாக்கியாகக் கொடுப்பதுதான் தவறு. 500 முதல் 650 கிராம் வரை எடையுள்ள 9 மி.மீ. பிஸ்டல் பெரும்பாலோருக்குச் சுடச் சுலபம்: சிக் பி365, க்ளாக் 43எக்ஸ், இடம் இருந்தால் க்ளாக் 19. பி365 2018-ல் வந்தபோது சுமார் 500 கிராம் எடையில் 10 தோட்டா மேகசின் (பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி) கொடுத்தது. சின்னது வேண்டுமென்றால் ஐந்தாறு தோட்டாதான் என்ற பழைய பேச்சுக்கு அதன்பின் அர்த்தமில்லை.

ஸ்லைடை இழுக்க முடியவில்லையா?

ரிவால்வர் பக்கம் தள்ளிவிடும் இன்னொரு காரணம் இது. பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் உலோகப் பகுதிதான் ஸ்லைடு; அதைப் பின்னால் இழுத்து விட்டால்தான் முதல் தோட்டா அறைக்குள் ஏறும். கடையில் பிஸ்டலைக் கையில் கொடுத்ததும், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து ஸ்லைடின் பின்முனையைக் கிள்ளி, கையை நீட்டியபடி இழுத்துப் பார்க்கிறார்கள். எளிதில் வராது, ஆணுக்கும் சிரமம்தான். அங்கே வேலை செய்வது இரண்டு விரல்கள் மட்டும்.

செய்ய வேண்டியது இப்படி. முதலில் மேகசினைக் கழற்றி, உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்க்க வேண்டும். துப்பாக்கியை நெஞ்சருகே கொண்டுவந்து, உடம்பைச் சற்றுத் திருப்பி, முனையைப் பாதுகாப்பான திசையிலேயே வைத்திருக்க வேண்டும். இடது உள்ளங்கையை ஸ்லைடின் மேல் கவிழ்த்து, நான்கு விரல்களும் ஒரு பக்கம், உள்ளங்கையின் அடிச்சதை மறுபக்கம் என்று இறுகப் பிடிக்கவும். தோட்டாக்கூடு வெளியே வரும் வாயிலை மூடிவிடாமல் கொஞ்சம் பின்தள்ளி. இப்போது இடது கையை அசைக்காமல், வலது கையால் பிடியை முன்னால் குத்துவதுபோலத் தள்ளவும். ஊறுகாய்ப் பாட்டில் மூடி இறுகிக்கொண்டால் மூடியை விட்டு பாட்டிலைத் திருப்புவோமே, அதே வித்தைதான். ஸ்லைடு கடைசிவரை வந்ததும் கையை விட்டுவிட வேண்டும். கூடவே கொண்டுபோய் மெல்ல மூடினால் தோட்டா அறைக்குள் முழுதாக உட்காராமல் போகலாம். அப்படியானால் அடுத்த ட்ரிக்கர் இழுப்பில் ஒன்றும் நடக்காது.

இதற்குப் பிறகும் வரவில்லை, மூட்டுவாதம் இருக்கிறது, விரலில் அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது என்றால் அதற்கென்றே வந்தவை உண்டு. 2018-ல் வந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் "எம் அண்ட் பி 380 ஷீல்டு ஈசி" பிஸ்டலின் ஸ்லைடு மிக இலகுவாக வரும், மேகசினில் தோட்டா அடைப்பதும் எளிது. வால்தரின் பிடிபி எஃப் சீரிஸ் 2022-ல் பெண்களின் கை அளவைக் கணக்கில் எடுத்து வடிவமைத்தது. ட்ரிக்கருக்கு விரல் எட்டும் தூரமும் ஸ்லைடு இழுக்கும் பலமும் குறைவு.

இங்கே ஒரு குழி இருக்கிறது. .380 தோட்டா 9 மி.மீ.-ஐவிட வலு குறைந்தது, ஆகவே எல்லா .380 துப்பாக்கியும் மென்மையாக இருக்கும் என்று நினைப்பது. வால்தர் பிபிகே போன்ற பழைய வடிவத்தில், சுட்டதும் ஸ்லைடு உடனே திறந்துவிடாமல் தடுப்பது ஸ்பிரிங்கும் ஸ்லைடின் எடையும் மட்டுமே. அதனால் ஸ்பிரிங் விறைப்பு, உதையும் சுரீரென்று வரும். குழலும் ஸ்லைடும் ஒரு கணம் பூட்டிக்கொண்டிருந்து பிறகு பிரியும் வடிவத்துக்கு (க்ளாக் 42, பி365-380) அந்த விறைப்பான ஸ்பிரிங் தேவையில்லை. தோட்டா ஒன்றுதான், கையில் படுவது வேறு. ரூகர் எல்சிபி பூட்டும் வடிவம்தான், ஆனால் 300 கிராம்கூட இல்லாததால் அதுவும் உதைக்கும்.

கைக்குப் பொருந்துகிறதா என்பதைக் கடையிலேயே பார்த்துவிடலாம். வெற்றுத் துப்பாக்கி என்று உறுதி செய்தபின், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதை பிடியின் பின்பக்க உச்சியில் முட்டுமாறு பிடிக்கவும். குழலும் முன்கை எலும்பும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். இந்த நிலையை மாற்றாமல் ஆள்காட்டி விரலின் நுனிச்சதை ட்ரிக்கரின் நடுவில் படுகிறதா? பட்டால் பொருத்தம். எட்டவில்லை என்று கையைக் கொஞ்சம் சுற்றிப் பிடித்தீர்களானால், உதை முன்கைக்குப் போகாமல் கட்டைவிரல் மூட்டில் இறங்கும். குறியும் பக்கவாட்டில் ஓடும். பின்பக்கத் தகட்டை மாற்றிப் பிடியின் அளவைக் குறைக்க வசதியுள்ள மாடல்கள் பல இருப்பதால், கடைக்காரரிடம் கேட்டுச் சின்னத் தகட்டைப் போட்டுப் பார்க்கலாம்.

பெண்களுக்கானது என்று எழுதியிருப்பதை நம்பி வாங்க வேண்டாம். இளஞ்சிவப்புப் பூச்சு ட்ரிக்கரை இலகுவாக்காது. இந்தியாவிலும் இது நடந்தது: 2012 டெல்லி சம்பவத்துக்குப் பிறகு, கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலை 2014-ல் "நிர்பீக்" என்ற .32 ரிவால்வரைப் பெண்களுக்கென்று வெளியிட்டது. எடை சுமார் அரை கிலோ, விலை 1.2 லட்சம் ரூபாய்க்கு மேல், நகைப்பெட்டி போன்ற பெட்டியில் வந்தது. பெட்டியை யோசித்த அளவுக்கு யாராவது விலையையும் யோசித்திருக்கலாம்.

மறைப்பதும் உறையும்

மறைப்பதென்றால் நீளமான குழல்தான் தொல்லை என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். குழல் இடுப்புக்குக் கீழே, துணிக்குள் போய்விடுகிறது. துருத்திக்கொண்டு காட்டிக்கொடுப்பது பிடி. பிடியின் நீளத்தில் ஒரு சென்டிமீட்டர் குறைந்தால் தெரியும் வித்தியாசம், குழலில் இரண்டு சென்டிமீட்டர் குறைந்தாலும் தெரியாது. முன்பக்க இடுப்பில் வைப்பவர்களுக்குக் குழல் சற்று நீளமாக இருந்தால் இன்னும் நல்லது. கீழ்ப்பகுதி உடம்போடு அழுந்தி, மேல்பகுதி வெளியே சாயாமல் நிற்கும்.

ஆண்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வலது இடுப்பின் பின்பக்கம் பல பெண்களுக்கு ஒத்துவராது. இடுப்பு எலும்பு அகன்றிருப்பதால் உறையின் அடி வெளியே தள்ளப்பட்டு, பிடி விலாவில் குத்தும். மேலுடல் குட்டையாக இருந்தால் எடுக்கும்போது முழங்கையை அக்குளுக்கு மேலே தூக்க வேண்டிவரும். முன்பக்கமோ, பெல்ட் தேவைப்படாத வயிற்றுப் பட்டையோ முயன்று பார்க்கலாம். எதுவானாலும் உறை ட்ரிக்கரை முழுதாக மூடும் கெட்டியான பொருளாக இருக்க வேண்டும். வெறும் எலாஸ்டிக் துணிக்குள் செருகினால் துணிக்கு மேலிருந்தே ட்ரிக்கர் அழுந்தலாம்.

கைப்பை கடைசித் தேர்வாகவே இருக்கட்டும். திருடன் முதலில் பிடுங்குவதே கைப்பையை. அதை உணவகத்தில் நாற்காலியில் மாட்டுகிறோம், காரில் பின்சீட்டில் போடுகிறோம். 2014 டிசம்பர் 30 அன்று ஐடஹோ மாநிலத்தின் ஹேடனில், ஒரு பேரங்காடியில் தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயதுக் குழந்தை, தாயின் கைப்பையைத் திறந்து துப்பாக்கியை எடுத்துச் சுட்டதில் தாய் அந்த இடத்திலேயே இறந்தார். அந்தப் பை துப்பாக்கிக்கென்றே தனி அறை வைத்துத் தைத்தது. கைப்பைதான் என்று முடிவானால் தனி அறை, அதற்குள் ட்ரிக்கரை மூடும் உறை, அந்த அறையில் வேறு ஒரு பேனாகூட இல்லை, பை ஒரு நிமிடமும் உடம்பைவிட்டு இறங்காது என்ற நான்கும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

யார் பெயரில், எந்த மாநிலத்தில்

தமிழ்க் குடும்பங்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். எச்1பி, எச்4, எஃப்1 போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. கணவருக்குக் கிரீன் கார்டு வந்து, மனைவி இன்னும் விசாவில் இருந்தால் "அவர் பெயரில் வாங்கி எனக்கு" என்பது நடக்காது. இருவரும் தகுதியுள்ளவர்களாக இருந்தாலும், மனைவி கொடுத்த பணத்தில் கணவர் தனக்கென்று 4473 படிவத்தில் (கடையில் வாங்குபவர் நிரப்ப வேண்டிய கூட்டாட்சிப் படிவம்) எழுதி வாங்குவது குற்றம். உண்மையான பரிசுக்கு அனுமதி உண்டு. ஆனால் மேலே சொன்ன கை அளவையெல்லாம் பார்த்தால், அவரே போய் வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

டெக்சஸில் 2021 செப்டம்பரிலிருந்து 21 வயதான தகுதியுள்ளவர் உரிமம் இல்லாமலே எடுத்துச் செல்லலாம். அதை நம்பி நியூஜெர்சிக்கோ கலிபோர்னியாவுக்கோ போனால் கைதாவீர்கள். அங்கே வேறு மாநில உரிமமே செல்லாது. இரண்டு மாநிலங்களிலும் மேகசின் 10 தோட்டாவுக்கு மேல் கூடாது என்பதால் க்ளாக் 19-இன் 15 தோட்டா மேகசினும் சிக்கல். நியூஜெர்சியில் ஹாலோ பாயின்ட் (முனையில் குழி உள்ள) தோட்டாவுக்கும் தனிக் கட்டுப்பாடு இருக்கிறது.

வாங்கும் முன் வாடகைத் துப்பாக்கி கிடைக்கும் சுடுதளத்தில் மூன்று நான்கு மாடல்களில் தலா 50 தோட்டா சுட்டுப் பார்ப்பது பெரிய செலவைத் தவிர்க்கும். முதல் பத்தில் எதுவும் தெரியாது; நாற்பதாவது தோட்டாவில் கை என்ன சொல்கிறது என்பதுதான் கணக்கு. கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் ஈயப்புகை காரணமாக மூடிய சுடுதளத்தைத் தவிர்க்க வேண்டும். வயிற்றிலுள்ள குழந்தையின் காதுக்கு மூடி போட முடியாது என்பதால், கர்ப்பிணிகளுக்குத் திறந்தவெளியும் சரியல்ல.

வாங்கியபின் 200 சாதாரணத் தோட்டாவும், கூடவே வைக்கப்போகும் வகையில் 50-ம் தடங்கலின்றி ஓடிய பிறகே அதை நம்பலாம். இடையில் வெற்றுக்கூடு வாயிலில் செங்குத்தாகச் சிக்கி நின்றால் துப்பாக்கியைக் குறைசொல்லும் முன் மணிக்கட்டைப் பார்க்கவும். மணிக்கட்டு தளர்ந்தால் துப்பாக்கி முழுவதும் ஸ்லைடோடு சேர்ந்தே பின்னால் வந்துவிடும். கூட்டை வெளியே தள்ளும் அளவுக்கு ஸ்லைடுக்கு வேகம் மிஞ்சாது. லேசான துப்பாக்கியில் இது அதிகம்.

அதன்பின் ஒரு வாரம், தோட்டா இல்லாமல், உறையோடு வீட்டுக்குள் போட்டுக்கொண்டு நடமாடுங்கள். குனிந்து குழந்தையைத் தூக்குங்கள், காரில் ஏறி சீட் பெல்ட் போட்டு அதன் கொக்கி பிடியில் மாட்டுகிறதா என்று பாருங்கள், கழிப்பறையில் கால்சட்டையை இறக்கும்போது உறை எங்கே போகிறது என்று பாருங்கள். பொது இடத்துக் கழிப்பறையில் துப்பாக்கியை மறந்துவிட்டு வராமலிருக்க இந்தக் கடைசி ஒத்திகை உதவும்.